பெரிய புகைக்குழாய் பூட்டினால் சேற்றில் இழுவை கூடுமா?

மாரி பிடித்து வன்னியின் உள்வீதிகள் சேறாகத் தொடங்கினால் கராஜ்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: “இந்தச் சைலன்சரைக் கழட்டிப்போட்டுப் பெரிய பைப் ஒண்டு அடிச்சா வண்டி இன்னும் இழுக்குமோ?”

கேள்வி பழையது. அண்மையில் அது சூடுபிடித்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருக்கிற பழைய கெப்பையும் ஜீப்பையும்தான் ஒட்டி ஒட்டி ஓட வேண்டியிருந்தது. துருப்பிடித்த குழாயை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிதாகவே போட்டால் என்ன என்று பலருக்கும் தோன்றியது. மற்றது, 2025 தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பொலிஸார் வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பார்க்கத் தொடங்கியதும், சத்தக் குழாய்களும் பேச்சுக்கு வந்தன. “அது வெறும் சத்தம்” என்கிறார் ஒருவர். “இல்லை, இஞ்சின் மூச்சு விடுது” என்கிறார் மற்றவர்.

இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. விடை வாகனத்தில் டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பொறி) இருக்கிறதா என்பதிலும், இஞ்சினை நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓட்டுகிறோம் என்பதிலும் தங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கணக்குக் கொஞ்சம் வேண்டும்.

குழாய்க்குள் எவ்வளவு போகிறது

புகை வெளியேறும் வழியில் வரிசையாக இருப்பவை இவை:

1. மனிபோல்ட். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் புகையை ஒன்றாகச் சேர்க்கும் வார்ப்பு இரும்பு.
2. டர்போ உள்ள வாகனமென்றால், அந்தப் புகையால் சுழலும் டர்போவின் சில்லு.
3. புதிய வாகனங்களில், நச்சு வாயுக்களைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர்.
4. சைலன்சர். உள்ளே தகடுகளும் துளைக் குழாய்களும்.
5. வால்குழாய்.

2.8 லீற்றர் டீசல் இஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய ஹைலக்ஸ்களில் வந்த 3எல் இஞ்சின் அந்த அளவுதான். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால் ஏறத்தாழ 2,400 லீற்றர் காற்று உள்ளே போகிறது. எரிந்து வெளியே வரும்போது சூட்டில் அது விரிந்து இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆக 5,000 லீற்றருக்கு மேல். வீட்டு வளவில் நிற்கும் 1,000 லீற்றர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஐந்தை ஒரு நிமிடத்தில் இரண்டு அங்குலக் குழாயால் ஊதித் தள்ளுவதற்குச் சமம்.

தள்ளும் வேலையைச் செய்வது பிஸ்டன். அதற்குச் செலவாகும் வலு சில்லுக்குப் போகாது. குழாயைப் பெரிதாக்கச் சொல்கிறவர்களின் வாதம் முழுவதும் இந்த ஒரு விடயத்தில்தான் நிற்கிறது, அது சரியான வாதமும்கூட. எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

எதிர் அமுக்கம்: சரியும் பிழையும்

புகை வெளியேறும்போது குழாயும் சைலன்சரும் காட்டும் தடையால், உள்ளே வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலான அமுக்கம் தேங்கி நிற்கும். இதுதான் எதிர் அமுக்கம், கராஜ் பேச்சில் ‘பேக் பிரஷர்’. இது நடந்துகொள்ளும் விதம்:

1. புகையின் அளவு இரட்டித்தால் எதிர் அமுக்கம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 4000 சுற்றில் இருப்பதில் கால்வாசிதான் 2000 சுற்றில் இருக்கும்.
2. குழாயின் விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே தடை பெரிதாகக் குறையும். 2 அங்குலத்தை 2.5 ஆக்கினால் குழாயின் உராய்வுத் தடை மூன்றில் ஒன்றாகிவிடும். (சைலன்சர் பழையதே என்றால் அதன் தடை அப்படியே இருக்கும்.)

இரண்டாவதை மட்டும் கேட்டால் உடனே காசை எடுத்து வைக்கத் தோன்றும். முதலாவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டர்போ இல்லாத டீசல் இஞ்சின் முழுச் சுமையில் இழுக்கும்போது பிஸ்டனைத் தள்ளும் சராசரி அமுக்கம் சுமார் 8 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம்). நல்ல நிலையில் உள்ள குழாயில் 4000 சுற்றில் 0.2 பார் எதிர் அமுக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் இல்லாமற்போனால்கூட மிஞ்சுவது இரண்டரை வீதம். 2000 சுற்றுக்கு வந்தால் 0.2 என்பது 0.05 ஆகிவிடும். பெரிய குழாய் போட்டு அதில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தாலும் கிடைப்பது அரை வீதம்கூட இல்லை.

ஒட்டுசுட்டான் பக்கம் வயல்பாதையில் சேறு மிதிக்கும் வாகனம் எந்தச் சுற்றில் ஓடுகிறது? 1200-க்கும் 2200-க்கும் இடையில். அதற்கு மேல் முறுக்கினால் சில்லு சேற்றைத் தோண்டும். குழாய் உதவி செய்யும் இடம் ஒரு பக்கம், வாகனம் கஷ்டப்படும் இடம் இன்னொரு பக்கம்.

“இஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் தேவை, இல்லாட்டி இழுவை குறையும்” என்று சொல்பவர்களும் உண்டு. எந்த நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கும் எதிர் அமுக்கம் என்ற ஒன்று தேவைப்படுவதில்லை. ஆனால் அவர்கள் கண்டது பொய்யும் இல்லை. ஒரு சிலிண்டரின் புகை வேகமாக வெளியேறும்போது அதன் பின்னால் அமுக்கம் சற்றுக் குறையும். அந்தக் குறைவு அடுத்துள்ள புகையை இழுத்தெடுக்க உதவும். குழாய் அளவுக்கு மிஞ்சிப் பெரிதானால் புகையின் வேகம் விழுந்து இந்த இழுப்புக் கெட்டுவிடும். டர்போ இல்லாத பெற்றோல் இஞ்சினில், குறைந்த சுற்றில், இது காலில் தெரியும். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களிலோ குழாயின் வடிவமே இஞ்சினின் ஒரு பாகம். நடுவில் பருத்திருக்கும் அந்தக் குழாய், வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையைத் திருப்பி உள்ளே தள்ளும். அதை வெட்டினால் வண்டி செத்துவிடும். பழைய பைக்காரர்களின் இந்த அனுபவம்தான் டீசல் கெப்புக்கும் வேதமாகிவிட்டது என்பது என் ஊகம்.

எந்த இஞ்சினுக்கு எவ்வளவு

*டர்போ இல்லாத டீசல்.* பழைய ஹைலக்ஸ், போருக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் ஓட்டிய 4.2 லீற்றர் லான்ட் குறூசர்கள் எல்லாம் இந்த வகை. வலுவைத் தீர்மானிப்பது டீசல் பம்ப் தெளிக்கும் அளவு. காற்று பெரும்பாலும் தேவைக்கு மேலாகவே இருக்கும். குழாய் மாற்றிப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

*பழைய டர்போ டீசல்.* இங்கேதான் குழாய்க்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. டர்போவைச் சுழற்றுவது அதன் முன்னால் உள்ள அமுக்கத்துக்கும் பின்னால் உள்ள அமுக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம். பின்னால் தடை குறைந்தால் டர்போ கொஞ்சம் முன்கூட்டியே பிடிக்கும், புகையின் சூடும் இறங்கும். மேலே சொன்ன வேக இழுப்பை டர்போ ஏற்கெனவே உடைத்துவிடுவதால், அதற்குப் பின்னால் குழாய் பெரிதாகிவிட்டது என்று பயப்படவும் வேண்டியதில்லை. லான்ட்ரோவர் டிபெண்டரின் 300டிடிஐ இஞ்சினில் டர்போவின் அமுக்கம் ஒரு ஜவ்வைத் தள்ளி, பம்ப் தெளிக்கும் டீசலையும் கூட்டும். ஆகவே டர்போ முந்திப் பிடித்தால் இழுவையும் முந்தி வரும். சுரிக்குள் மெதுவாக ஏறும்போது அது கைகொடுக்கலாம். பெரிய மாற்றம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பொய்யில்லை.

*கணினி உள்ள டர்போ டீசல்.* இரண்டாயிரத்துக்குப் பின் வந்த கொமன் ரெயில் கெப்கள், அதாவது உயர் அமுக்கத்தில் தேக்கிய டீசலைக் கணினி சொல்லும் அளவில் தெளிப்பவை. டர்போவுக்கு எவ்வளவு அமுக்கம் வேண்டும் என்பதைக் கணினி ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கும். குழாயின் தடை குறைந்தால் அது டர்போவுக்குள் புகையை நெறிப்படுத்தும் இதழ்களைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பழைய இலக்கிலேயே நிறுத்தும். கணினியின் நிரலைத் தொடாமல் குழாயை மட்டும் மாற்றுவதால் சத்தம்தான் மிச்சம்.

*பெற்றோல் ஜீப்.* ஜிம்னி போன்ற சிறிய இஞ்சின்களில் உயர் சுற்றில் இரண்டு மூன்று குதிரைவலு கூடலாம். கொன்வேர்ட்டரைக் கழற்றினால் டாஷ்போர்டில் இஞ்சின் விளக்கு எரியும், புகைப் பரிசோதனையில் சிக்கலும் வரும்.

ஒரு லீவரும் ஒரு குழாயும்

300டிடிஐ இஞ்சினின் உச்ச முறுக்குவிசை 265 நியூட்டன் மீற்றர், அதுவும் வெறும் 1800 சுற்றில். தாராள மனதோடு குழாய் 5 வீதம் கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 13 நியூட்டன் மீற்றர் கிடைக்கும்.

அதே டிபெண்டரில் கியர் லீவருக்குப் பக்கத்தில் சின்ன லீவர் ஒன்று இருக்கிறது. அதை ‘லோ’வுக்குத் தள்ளினால் ட்ரான்ஸ்பர் கியரின் (கியர்பெட்டிக்கும் சில்லுகளுக்கும் இடையில் உள்ள இரண்டாவது கியர்) விகிதம் 1.41-இலிருந்து 3.32 ஆகும். சில்லுக்குப் போகும் முறுக்குவிசை 2.35 மடங்கு. வீதத்தில் சொன்னால் 135 வீதம் கூடுதல். காசும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. பல சாரதிகள் அந்த லீவரை வருடக்கணக்காகத் தொடாமல் விட்டு இறுகிப்போக வைத்திருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. 29 அங்குல ரயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் போடுவார்கள். நிலத்திலிருந்து உயரம் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் சில்லு பெரிதானதால் நிலத்தைத் தள்ளும் விசை 6 வீதத்துக்கு மேல் குறைந்துவிடும். “வண்டி இப்ப இழுக்குதில்லை” என்று அடுத்த மாதமே குழாய்க்காரரிடம் போவார்கள். ரயர் எடுத்ததை எந்தக் குழாயாலும் திருப்பித் தர முடியாது.

உண்மையில் சேற்றில் பெரும்பாலும் தோற்பது இஞ்சின் இல்லை, ரயரின் பிடிதான். சில்லு நின்ற இடத்திலேயே சுற்றுகிறதென்றால் வலு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். ரயரின் காற்றை 35 பி.எஸ்.ஐயிலிருந்து 18 அளவுக்கு இறக்கினால் அது நிலத்தில் நீளமாகப் படுத்து, பிடியும் கூடும். (தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ரயர் சூடேறி வெடிக்கும்.)

“மாத்தினவுடனே தெரிஞ்சது” என்பவர்கள்

அவர்கள் பொய் சொல்வதில்லை. பழைய குழாய் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

பதினைந்து இருபது வருடச் சைலன்சரை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் விடயம் விளங்கும். உள்தகடு துருப்பிடித்து உடைந்து, அடுத்த அறையின் துளைக்கு மேல் மூடிபோல விழுந்து கிடக்கும். மற்றப் பக்கம் விரல் தடிப்பில் கரி. வெளியே பார்த்தால் ஒரு பொத்தல்கூட இல்லை. அடிமரக் குற்றியில் அடிபட்டு நெளிந்த குழாயும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தால் சின்ன நெளிவு, உள்ளே வழி பாதிதான். இதைக் கழற்றிவிட்டு எந்தக் குழாயைப் போட்டாலும் வண்டி பறக்கும். கம்பனி அளவிலேயே புதியது போட்டிருந்தாலும் பறந்திருக்கும்.

சேற்றுக்காலத்துக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. வயலுக்குள் வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் எடுக்கும்போது வால்குழாய் வரம்பில் குத்தி, களிமண் உருண்டை ஒன்று உள்ளே இறங்கிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், இரண்டு நிமிடம் முக்கும், நின்றுவிடும். டீசல் பம்பைக் கழற்றும் வரைக்கும் போன கதைகள் உண்டு. ஒரு தடியால் குத்தி எடுத்தால் முடிந்திருக்கும்.

சத்தமும் ஏமாற்றும். அதே வேகம்தான், காதுக்கு மட்டும் கூடுதலாகத் தோன்றும். நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபடும் நேரத்தில் யானை நிற்கும் வீதிகளில் அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு புத்தியாகப் படவில்லை.

தண்ணீர், வைக்கோல், புகை

இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தால் முரசுமோட்டை, பன்னங்கண்டிப் பக்கம் தண்ணீர் ஏறும். வட்டுவாகல் பாலத்துக்கு மேலாலும் வெள்ளம் பாய்வதுண்டு. அதனால் குழாயைக் கூரை வரைக்கும் உயர்த்த வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். குழாயின் வாய் அரை மீற்றர் தண்ணீருக்குள் இருந்தாலும், தண்ணீர் திருப்பித் தள்ளும் அமுக்கம் 0.05 பார்தான். ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சின் அதை ஊதித் தள்ளிவிடும். ஆபத்து மற்றப் பக்கத்தில், காற்று இழுக்கும் வாயில். அதற்குள் தண்ணீர் போனால் அமுங்காத தண்ணீரில் பிஸ்டன் மோதி கொனெக்டிங் ரொட் வளையும். பழைய டிபெண்டருக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆழமே 500 மில்லிமீற்றர்தான். நடுத்தண்ணீரில் இஞ்சின் நின்றுவிட்டால் மட்டும் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும். அப்போது திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிப்பதைவிடத் தள்ளிக் கரையேற்றுவது மலிவு.

உழவு இயந்திரத்தின் குழாய் வானத்தைப் பார்த்து நிற்கிறதே என்று கேட்கலாம். அது வலுவுக்காக இல்லை. சூடான புகை வைக்கோலிலும் பயிரிலும் படக்கூடாது, ஓட்டுபவரின் முகத்திலும் அடிக்கக்கூடாது, சேறும் அடைக்கக்கூடாது. மழைக்கு அதன் வாயில் வெறும் மீன்ரின்னைக் கவிழ்த்துவிட்டுப் போவதையும் பார்த்திருப்பீர்கள்.

வைக்கோல் விடயம் கெப்புக்கும் பொருந்தும். சிறுபோக அறுவடைக்குப் பின் காய்ந்த வயலில், தாழத் தொங்கும் புதுக் குழாய்க்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் வைக்கோல் சிக்கும். மனிபோல்டுக்குக் கிட்டவுள்ள குழாயின் சூடு சில நூறு பாகை. தீப்பிடிக்க அது போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நச்சுப்புகை. செலவைக் குறைக்கக் குழாயைப் பின்பெட்டிக்கு அடியிலேயே வெட்டி நிறுத்துவார்கள். அந்தப் பெட்டியில் படங்கு கட்டி ஆட்கள் இருந்து போவது நம் ஊர் வழக்கம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, நித்திரை, பிறகு மயக்கம். டீசலில் அது குறைவு, பெற்றோலில் மிக அதிகம். குழாய் எந்த அளவாக இருந்தாலும் அதன் வாய் உடலுக்கு வெளியே வந்து முடிய வேண்டும்.

புகைச் சான்றிதழ்

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. டீசல் வாகனத்தை நியூட்ரலில் வைத்துப் பெடலை முழுக்க மிதித்து, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்ப்பார்கள். குழாயைப் பெரிதாக்குவதால் மட்டும் புகை அதிகரிக்காது. ஆனால் குழாயில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் பம்பின் ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டுவது அடுத்த கட்டம். கறுப்புப் புகை அதிலிருந்துதான் வருகிறது. டர்போ வாகனத்தில் பிஸ்டன் உருகும் அளவுக்குச் சூடேறவும் அதுவே வழி.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

குழாயில் கைவைக்க முதல் பார்க்க வேண்டியவை, மலிவிலிருந்து தொடங்கி:

1. எயர் பில்டர். கிரவல் வீதித் தூசியில் ஓடும் வாகனத்துக்குப் புத்தகத்தில் உள்ள தவணை போதாது. அடைத்த பில்டர் எடுக்கும் வலு, நல்ல குழாய் தரும் வலுவைவிடக் கூட.
2. டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று.
3. டீசல் தெளிக்கும் நொசில், வால்வ் இடைவெளி, பம்ப் டீசல் தெளிக்கும் நேரம் (ரைமிங்).
4. அதற்குப் பிறகு சைலன்சரைத் தட்டிப் பார்ப்பது. உள்ளே கலகலத்தால் தகடு போய்விட்டது. பெற்றோல் வாகனத்தில் ஒட்சிசன் சென்சரின் துளையில் அமுக்கமானி பூட்டி அளக்கலாம். 2500 சுற்றில் 3 பி.எஸ்.ஐயைத் தாண்டினால் எங்கோ அடைப்பு என்று கொள்வது பட்டறை வழக்கு.

குழாய்தான் பிரச்சினை என்று உறுதியானால், டர்போ இல்லாத வாகனத்துக்குக் கம்பனி விட்டமே போதும். டர்போ டீசலுக்கு அரை அங்குலம் கூட்டலாம். விட்டத்தைவிட வளைவுகளைக் கவனியுங்கள்: வளைத்த இடத்தில் குழாய் நசுங்கியிருந்தால் 2.5 அங்குலத்துக்குக் காசு கொடுத்து 2 அங்குலம் வாங்கியதாகிவிடும். அடிச்சட்டத்துக்கு மேலால் போகக்கூடிய இடத்தில் கீழால் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர்த் தொங்கிகளையும் சேர்த்து மாற்றுங்கள்.

வேலைக்குக் கொடுக்க முதல் நாள் ஒரு சோதனை செய்து வையுங்கள். வன்னியில் மேடு என்று சொல்ல இருப்பது குளக்கட்டுக்கு ஏறும் சரிவுதான், அது போதும். அதே சுமை, அதே கியர், கீழே நின்ற நிலையிலிருந்து மேலே வரும் வரை கைபேசியில் நேரம் பிடியுங்கள். ஐந்து தரம் ஓடிச் சராசரி எடுங்கள். புதுக் குழாய் பூட்டிய பின், அதே எயர் பில்டரோடும் அதே ரயர்க் காற்றோடும் திரும்பவும் ஐந்து தரம் ஓடிப் பாருங்கள். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டினால் இன்னும் நல்லது.